குடலைக் கழுவினால் காலைக்கடன் சரியாகுமா?

பொத்தேரியில் ரயில் நிலையமும் ஜி.எஸ்.டி. சாலையும் எஸ்.ஆர்.எம். வளாகமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. சுற்றிலும் விடுதிகள், பி.ஜி.க்கள், நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த ஃப்ளாட்டுகள். ஊர் ஊராக வந்து சேர்ந்த பிள்ளைகளுக்காக இரவு வெகுநேரம் வரை ஃப்ரைடு ரைஸ் வாணலிச் சத்தம் ஓயாது. பன்னிரண்டு மணிக்கு ஷவர்மா, ஒரு மணிக்கு அறையிலேயே நூடுல்ஸ், காலையில் அலாரத்தை அணைத்துவிட்டு இன்னும் பத்து நிமிடம். பிறகு மெஸ் இட்லியின் முகத்தில் விழிக்காமலே வகுப்புக்கு ஓட்டம். இந்த வாழ்க்கையில் முதலில் மக்கர் செய்வது வயிறுதான். இரண்டு நாளைக்கு ஒருமுறை, மூன்று நாளைக்கு ஒருமுறை. போனாலும் முக்கல், போன பிறகும் போகாத மாதிரி ஒரு உணர்வு. யாரிடமும் சொல்லக் கூச்சம். அந்த நேரம் பார்த்து கைபேசியில் விளம்பரம் வருகிறது: ஏழே நாளில் குடல் சுத்தம்.

டீடாக்ஸ் டீ, டீடாக்ஸ் வாட்டர், ஏபிசி ஜூஸ், மூன்று நாள் ஜூஸ் விரதம், உப்புத் தண்ணீர் குடித்துக் கழுவுவது, பொடி, மாத்திரை என்று வகை வகையாக இருக்கிறது. கையில் இன்னும் கொஞ்சம் காசு புரண்டால் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ரிசார்ட்டில் தங்கி, கடல் காற்று வாங்கிக்கொண்டே வயிற்றைக் கழுவிக்கொள்ளலாம். எல்லாவற்றிலும் வாக்குறுதி ஒன்றுதான். உள்ளே தேங்கிய நச்சு வெளியேறும். அப்புறம் தினமும் காலையில் டாண் என்று போகும்.

நச்சு விவகாரத்தைப் பிறகு பார்க்கலாம். டாண் என்று போகுமா என்பதற்கு மருத்துவம் தரும் பதில் சுருக்கமானது. அன்றைக்குப் போகும். மறுநாளும் போகலாம். வழக்கத்துக்கு வராது. சிலருக்கு இருந்த வழக்கமும் கெடும்.

நெல்லைச் சீமையின் இலை

டீடாக்ஸ் டீ பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள். க்ரீன் டீ, இஞ்சி, சோம்பு, எலுமிச்சைப் புல் என்று போகும் பட்டியலில் பல பிராண்டுகளில் நடுவே ஓரிடத்தில் ‘சென்னா’ ஒளிந்திருக்கும். நம் நாட்டு மருந்துக் கடையில் அதற்குப் பெயர் நிலாவரை. நிலவாகை என்றும் சொல்வார்கள். உலக மூலிகைச் சந்தையில் இந்த இலைக்கு நம் ஊர்ப் பெயரே முத்திரை: டின்னவெல்லி சென்னா. தென்மாவட்டத்து வறண்ட நிலங்களில் அதிகம் தண்ணீர் கேட்காமல் வளர்ந்து, காய்ந்து, மூட்டையாகித் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் ஏறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. மேல்நாட்டில் ஒல்லியான பெண் படம் போட்ட டப்பாக்களில் ‘ஸ்லிம் டீ’ என்று விற்கப்படுவதில் கணிசமான பங்கு இந்த இலைதான். அந்த மோகம் இன்ஸ்டாகிராம் வழியாகத் திரும்பி, இலை விளைந்த மாநிலத்துக்கே இறக்குமதியாகிறது.

அது வேலை செய்யும் விதத்தில் மர்மம் ஏதுமில்லை. இலையில் உள்ள சென்னோசைடு சிறுகுடலில் கிட்டத்தட்ட உறிஞ்சப்படாமலே பெருங்குடலுக்கு வந்து சேர்கிறது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைக்கின்றன. உடைந்து வரும் பொருள் குடல் சுவரைச் சீண்டுகிறது. தசை வேகமாகச் சுருங்குகிறது, தண்ணீர் உள்ளே இழுக்கப்படுவது குறைகிறது, ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வயிறு இளகுகிறது. படுக்கப் போகும்போது ஒரு கப் குடித்தால் விடியும்போது பலன். விளம்பரத்தில் ‘நச்சு நீங்கியது’ என்று சிரிக்கிறார்களே, அது இந்தப் பேதிதான். மருந்துக் கடையில் இதே சரக்கு மாத்திரையாக, அளவு அச்சிட்டு, டீயைவிட மலிவாகக் கிடைக்கிறது.

சென்னாவைக் கெட்ட மருந்து என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் இரண்டு பெரிய இரைப்பை-குடல் மருத்துவச் சங்கங்கள் 2023-ல் சேர்ந்து வெளியிட்ட நாட்பட்ட மலச்சிக்கல் வழிகாட்டுதலில் அதற்கும் ஓர் இடம் உண்டு. மருந்து என்று தெரிந்து, அளவு தெரிந்து எடுத்தால் உதவும். டீயில்தான் சிக்கல். எவ்வளவு இலை, எத்தனை நிமிடம் ஊறியது என்பதைப் பொறுத்துக் கோப்பைக்குக் கோப்பை வீரியம் மாறும். தினமும் பேதியானால் உடம்பிலிருந்து தண்ணீரோடு பொட்டாசியமும் போகும். சோர்வு, தசைப் பிடிப்பு, முற்றினால் இதயத் துடிப்பிலேயே தடுமாற்றம். மாதக்கணக்கில் குடித்தவர்களுக்குப் பெருங்குடலின் உட்சுவர் பழுப்பாகக் கறைபடிவதைக் கொலனோஸ்கோபி செய்யும் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். அந்தக் கறையால் பெரிய தீங்கில்லை, நிறுத்தினால் சில மாதங்களில் மறையும் என்கிறார்கள். இருந்தாலும், அழுக்கை எடுக்கிறேன் என்று வந்தது தானே ஒரு கறையை வைத்துவிட்டுப் போவதைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பேதி மருந்தைப் பானம் என்ற பெயரில் விற்கிறார்கள். என் ஆட்சேபம் அங்கேதான்.

விளக்கெண்ணெய் நாள்

‘இதெல்லாம் நம் பாட்டி செய்ததுதானே’ என்று ஒரு வாதம் உடனே வரும். செய்தாள், உண்மைதான். முழுப்பரீட்சை லீவில், பள்ளி திறக்கும் முன்பு ஒருநாள். விடிகாலையில் எழுப்பி, ஓடாமல் கையைப் பிடித்துக்கொண்டு, சூடான கஷாயத்திலோ கடுங்காபியிலோ விளக்கெண்ணெயைக் கலந்து, மூக்கைப் பிடித்து ஒரே மடக்கில் இறக்குவார்கள். குமட்டல் அடங்கப் பின்னாலேயே ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாய். நடுநடுவே வெந்நீர். உச்சி நேரத்துக்குள் நாலைந்து தடவை கொல்லைப்புறம் ஓடியாக வேண்டும். நிற்கவில்லை என்றால் எலுமிச்சம்பழச் சாறு, நீர்மோர். மத்தியானம் குழைந்த சோறும் மிளகு ரசமும், சுட்ட அப்பளமும். அன்று வெயிலில் விளையாடக் கூடாது, பலகாரம் தொடக் கூடாது. மறுநாள் எல்லாம் பழையபடி.

இதற்குப் பின்னால் சித்த மருத்துவ மரபு இருக்கிறது. தேரையர் வகுத்த நோயணுகா விதியில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்திக்கும், ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை மூக்கில் விடும் நசியத்துக்கும் மருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. அதே மரபு, யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதிலும் கறாராக இருந்தது. பேதி மருந்துகள் சிலவற்றில் நேர்வாளம் சேரும். முறையாகச் சுத்தி செய்யாத நேர்வாளம் நஞ்சு. அதனால் வயது, உடல் வலு, நாடி எல்லாம் பார்த்துத்தான் கொடுப்பார்கள். கர்ப்பிணிக்கும் தளர்ந்த முதியவருக்கும் கொடுக்கமாட்டார்கள்.

பாட்டியின் கணக்கில் முக்கியமான ஒன்று வயிற்றுப் பூச்சி. வெறுங்காலோடு வயலிலும் தோப்பிலும் திரிந்து, திறந்தவெளியில் ஒதுங்கிய காலம் அது. கொக்கிப்புழுவும் நாக்குப்பூச்சியும் இல்லாத பிள்ளை அபூர்வம். பேதியோடு புழு விழுவதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். மருந்து பலித்தது என்று நம்பியதில் தப்பில்லை. இன்று அந்த வேலையை 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை ஒன்று, ஓட்டமே இல்லாமல் முடிக்கிறது. 2015-லிருந்து பிப்ரவரி 10-ஐத் தேசிய குடற்புழு நீக்க நாளாக வைத்துப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அதைக் கொடுத்துவருகிறார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தினமும் ஒழுங்காகப் போவதற்கான வைத்தியம் என்று பாட்டி விளக்கெண்ணெயைச் சொன்னதே இல்லை. அதற்கு அவளிடம் வேறு பட்டியல் இருந்தது: கீரை, மோர், ராத்திரி ஒரு வாழைப்பழம், விடியலில் எழுந்திருப்பது.

காலியான குடல் என்ன செய்யும்?

உலகத்திலேயே முழுமையான குடல் கழுவல் கொலனோஸ்கோபிக்கு முதல் நாள் ஆஸ்பத்திரியில் கொடுப்பதுதான். பாலிஎத்திலீன் கிளைகால் பொடியை இரண்டிலிருந்து நான்கு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். கழிவறைக்கும் கட்டிலுக்குமாக நடந்து நடந்து, கடைசியில் மஞ்சள் தெளிநீர் மட்டும் வரும். எந்த டீயும் ஜூஸும் இதன் கிட்டே நெருங்க முடியாது. குடலைக் கழுவினால் காலைக்கடன் சீராகும் என்பது உண்மையானால், கொலனோஸ்கோபி செய்துகொண்டவர்கள் எல்லோருக்கும் மலச்சிக்கல் தீர்ந்திருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு. பரிசோதனை முடிந்து இரண்டு மூன்று நாள் பலருக்கு வெளிக்கே வராது.

காரணம், உள்ளே சரக்கு இல்லை. சாப்பிட்டது சக்கையாகி வெளியே வர ஆரோக்கியமான உடம்பிலேயே ஒன்றிலிருந்து மூன்று நாள் பிடிக்கும். அதிலும் பெரும்பகுதி நேரம் பெருங்குடலில்தான் கழிகிறது. மொத்தத்தையும் ஒரே நாளில் வெளியேற்றிவிட்டால் மறுபடி நிறையும்வரை குடல் காத்திருக்கத்தான் செய்யும். இது தெரியாதவர், ‘பாரு, மறுபடியும் அடைத்துக்கொண்டது’ என்று இரண்டாவது பாக்கெட்டைப் பிரிக்கிறார். அது மறுபடி காலி செய்கிறது. மறுபடி இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாவது பாக்கெட். கொஞ்ச நாளில் டீ இல்லாமல் போகாது என்ற நம்பிக்கை மனசில் உட்கார்ந்துவிடுகிறது. டீடாக்ஸ் வியாபாரம் நிற்பதே இந்தச் சுழலில்தான் என்பது என் அபிப்பிராயம்.

ஜூஸ் விரதத்தின் கதை இன்னும் விசித்திரம். மலத்தில் முக்கால் பங்கு தண்ணீர். மீதியில் பாக்டீரியாக்களும் செரிக்காத நாரும்தான் பெரும்பங்கு. கேரட்டையும் பீட்ரூட்டையும் அரைத்து, நாரையெல்லாம் வடிகட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, சாற்றை மட்டும் குடிப்பவரின் குடல் எதைத் தள்ளும்? மறுநாள் சிவப்பாகப் போனதைப் பார்த்து ரத்தம் என்று பதறுகிறவர்களும் உண்டு. அது பீட்ரூட் நிறம்.

குடல் சுவரில் வருஷக்கணக்கான அழுக்கு ஒட்டிக் கிடப்பதாகப் படம் போடுகிறார்கள். குடலின் உட்படலம் சில நாளைக்கு ஒருமுறை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. பழைய செல்கள் உதிர்ந்து புதியவை வருகின்றன. அங்கே எதுவும் வருஷக்கணக்கில் ஒட்டியிருக்க வழியில்லை. சில மாத்திரைகளைச் சாப்பிட்டால் ரப்பர் கயிறு மாதிரி நீளமாக ஏதோ வெளிவரும், அதைப் படமெடுத்துப் போடுவார்கள். இசப்கோல் உமியும் பெண்டோனைட் களிமண்ணும் சேர்ந்த மாத்திரை உள்ளே தண்ணீர் குடித்து உப்பினால் அப்படித்தான் வரும். அழுக்கை உண்டாக்குவதும் அந்த மாத்திரை, எடுப்பதும் அதே மாத்திரை.

நச்சு என்ற கதையும் பழசு. பாரிஸ் மருத்துவர் பூஷார் 1880-களிலேயே, மலம் தேங்கினால் உடம்பு தன்னைத்தானே நஞ்சூட்டிக்கொள்கிறது என்று கோட்பாடு எழுதினார். அதை நம்பி லண்டனில் சர் வில்லியம் ஆர்பத்நாட் லேன், மலச்சிக்கல்காரர்களின் பெருங்குடலையே அறுத்து எடுத்தார். 1919-ல் அமெரிக்க மருத்துவர் வால்டர் ஆல்வாரஸ் அதை மறுத்து எழுதினார். அந்தக் காலத்துச் சோதனை ஒன்றில் ஆரோக்கியமான இளைஞர்களின் மலக்குடலில் பஞ்சை அடைத்துப் பார்த்தார்கள். தலைவலி, சோர்வு, மந்தம் என்று நஞ்சுக்குச் சொன்ன குறிகளெல்லாம் வந்தன. பஞ்சை எடுத்ததும் போயின. பஞ்சில் ஏது நஞ்சு? மலக்குடல் புடைத்திருந்தாலே உடம்பு அப்படித்தான் உணரும். நூறாண்டு கழித்தும் கதை மாறவில்லை. 2009-ல் பிரிட்டனின் ‘சென்ஸ் அபௌட் சயின்ஸ்’ அமைப்பு பதினைந்து டீடாக்ஸ் பொருள்களைத் தயாரிப்பவர்களிடம் விசாரித்தபோது, டீடாக்ஸ் என்றால் என்ன என்பதிலேயே ஆளுக்கு ஒரு பேச்சு. ஆதாரம் காட்ட ஆளில்லை. நச்சு நீக்கும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

காந்தி விட்ட காலை உணவு

மலச்சிக்கலோடு மல்லுக்கட்டிய இந்தியர்களில் பிரபலமானவர் காந்தி. தென்னாப்பிரிக்காவில் வக்கீலாக இருந்தபோது அவருக்கு அவ்வப்போது தலைவலியும் மலச்சிக்கலும் இருந்தன. பேதி மருந்தும் எடுத்தார். மான்செஸ்டரில் காலை உணவை விட்டவர்கள் ஒரு சங்கம் வைத்திருப்பதைப் படித்துவிட்டுத் தானும் காலைச் சாப்பாட்டை நிறுத்திப் பார்த்ததாகச் சத்திய சோதனையில் எழுதுகிறார். தலைவலி போய்விட்டது. மலச்சிக்கல் போகவில்லை. பிறகு அடிவயிற்றில் ஈரமண் பட்டி போட்டுக் குணமானது என்கிறார். மண் பட்டியைப் பற்றி வாதாட நான் வரவில்லை. பொத்தேரிக்கு வேண்டியது கதையின் முன்பாதி: காலைச் சாப்பாட்டை விட்டதால் மலச்சிக்கல் தீரவில்லை.

பெருங்குடல் இரவில் கிட்டத்தட்ட தூங்குகிறது. நாம் விழித்ததும் அதுவும் விழிக்கிறது. இரைப்பையில் உணவு விழுந்ததும் பெருங்குடலுக்குச் செய்தி போய், பலமான சுருக்கங்கள் கிளம்பி உள்ளிருப்பதைக் கீழே தள்ளுகின்றன. விழிப்பும் காலைச் சாப்பாடும் சேரும் அந்த முக்கால் மணி நேரம்தான் நாளிலேயே நல்ல வாய்ப்பு. காபி குடித்தால்தான் வரும் என்று சொல்கிறவர்களைக் கேலி செய்ய வேண்டியதில்லை. 1990-ல் வெளியான ஆய்வொன்றில் 99 பேரிடம் கேட்டதில் 29 சதவீதம் பேர் காபி தங்களைத் தூண்டுவதாகச் சொன்னார்கள். அவர்களில் சிலரின் குடலை அளந்து பார்த்தபோது, காபி குடித்த நான்கு நிமிடத்தில் அசைவு கூடியது. காஃபீன் நீக்கிய காபிக்கும் அப்படியே. வெந்நீருக்கு அந்த விளைவு தெரியவில்லை என்பது காலையில் சொம்பு சொம்பாக வெந்நீர் குடிப்பவர்களுக்கு வருத்தமான செய்தி.

நம் விடுதிவாசி அந்த முக்கால் மணி நேரத்தில் என்ன செய்கிறார்? தூங்குகிறார், அல்லது ஓடுகிறார். வகுப்பில் வயிறு கூப்பிட்டால் அடக்குகிறார். பி.ஜி.யில் கழிவறைக்கு வரிசை. கதவைத் தட்டிக்கொண்டே ஒருவர் வெளியே நின்றால் யாருக்கு வரும்? பெண் பிள்ளைகளுக்கு இந்தச் சங்கடம் இரட்டிப்பு. சென்னையிலிருந்து தினமும் வந்துபோகிறவர்களின் புறநகர் ரயிலிலோ கழிவறையே கிடையாது. ஜெர்மனியில் ஆரோக்கியமான பன்னிரண்டு இளைஞர்களை ஒரு வாரம் வேண்டுமென்றே அடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 1990-ல் முடிவு வெளியானது. குடலின் பயண நேரமே நீண்டுவிட்டது. மலச்சிக்கலைப் பழக்கத்தால் வரவழைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். இப்படிப் பழகியதை மூன்று நாள் ஜூஸ் எப்படி மாற்றும்?

சாறு கொன்ற கதை

பலனில்லை, போகட்டும், கெடுதல் உண்டா? 2010-ல் டெல்லியில் விஞ்ஞானி ஒருவர் ஆரோக்கியத்துக்காகக் குடித்துவந்த சுரைக்காய்ச் சாறு அன்று கசப்பாக இருந்தும் குடித்தார்; ரத்த வாந்தியும் பேதியுமாகி இறந்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு வைத்து விசாரித்தது. கசக்கும் சுரைக்காயில் உள்ள குக்கர்பிட்டாசின் நஞ்சு. குடிக்கும் முன் ஒரு துண்டை வாயில் வைத்துப் பாருங்கள், கசந்தால் தூக்கி எறியுங்கள் என்று குழு சொன்னது. கேரளத்தில் கொழுப்பைக் குறைப்பதாக நினைத்துப் பிலிம்பிக்காய்ச் சாறு குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் பழுதானதை மருத்துவர்கள் 2013-ல் பதிவு செய்தார்கள். ஆக்சலேட் உப்பு சிறுநீரகத்தில் படிந்துவிட்டது. பசலைக்கீரை, பீட்ரூட் போன்றவற்றிலும் ஆக்சலேட் அதிகம். சமைத்துச் சாப்பிடும் அளவில் பயமில்லை, கிலோக்கணக்கில் பிழிந்து நாள்தோறும் குடிப்பது வேறு விஷயம்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர் சாப்பாட்டை நிறுத்தினால் சர்க்கரை தடாலென்று இறங்கலாம். உப்புத் தண்ணீர் கழுவல், யோக மரபில் சங்கப் பிரக்ஷாலனம் என்று குருவின் முன்னால் செய்வது. ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் யூடியூப் பார்த்து வீட்டில் செய்யக் கூடாது. வலிப்பு மாத்திரை, கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பேதியாகும் நாளில் மருந்து உடம்பில் சேராமலே போய்விடலாம்.

அப்படியானால் என்னதான் செய்வது?

முதலில், தினமும் போயாக வேண்டும் என்ற சட்டம் இல்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை எல்லாமே இயல்புதான், சிரமமில்லாமல், மெத்தென்று போனால். இது தெரிந்தாலே டீ வாங்குகிறவர்களில் சிலர் கையை எடுத்துவிடுவார்கள்.

நார்ச்சத்து ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பரோட்டாவிலும் ஃப்ரைடு ரைஸிலும் அதைத் தேட முடியாது. தள்ளுவண்டியில் கிடைக்கும் கொய்யாவில் நூறு கிராமுக்கு ஐந்து கிராம் அளவுக்கு நார் இருக்கிறது, அதுவும் தோலோடு, விதையோடு. சாயங்காலம் ஒரு பொட்டலம் சுண்டல். இவை போதாவிட்டால் இசப்கோல். குஜராத்தின் உஞ்சா சந்தையிலிருந்து உலகமெங்கும் போகும் இந்த உமிக்கு எந்த டீடாக்ஸ் பொருளையும்விட நல்ல ஆய்வு ஆதாரம் உண்டு. ஒரு ஸ்பூனில் தொடங்கி மெல்லக் கூட்ட வேண்டும், நிறையத் தண்ணீரோடு. அவசரப்பட்டால் வயிறு உப்பும். அதற்கும் மசியாவிட்டால், கொலனோஸ்கோபிக்குக் கொடுக்கும் அதே பாலிஎத்திலீன் கிளைகால், சிறிய அளவில், மருத்துவர் சொல்படி. 2023 வழிகாட்டுதல் உறுதியாகப் பரிந்துரைக்கும் மருந்துகளில் அது ஒன்று. மேல்நாட்டுக் கழிவறையானால் காலுக்கடியில் ஒரு சின்ன முக்காலி போட்டுக்கொள்ளலாம். குந்தி உட்காரும் கோணம் கிடைக்கும். கைபேசி வெளியே இருக்கட்டும்.

சிலருக்கு இது எதுவும் பலிக்காது. அவர்களில் ஒரு பகுதியினருக்குக் குடல் நன்றாகவே தள்ளுகிறது. வாசல் தசைதான் தளர வேண்டிய நேரத்தில் இறுகுகிறது. அதற்கு மருந்தில்லை, பயோஃபீட்பேக் என்ற பயிற்சி இருக்கிறது. தைராய்டு குறைவு, இரும்புச்சத்து மாத்திரை, சில வலி மாத்திரைகள் என்று வேறு காரணங்களும் உண்டு. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, நாற்பத்தைந்து வயதுக்கு மேல் திடீரென்று பழக்கம் மாறுவது ஆகியவை இருந்தால் டீ, கஷாயம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சித்த மருத்துவத்தில்தான் நம்பிக்கை என்றால், பொத்தேரியில் ரயில் ஏறினால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பேதி மருந்து யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று படித்தவர்கள் அங்கே பார்த்துச் சொல்வார்கள்.

புதிதாக விடுதியோ பி.ஜி.யோ பார்க்கப் போகிற பெற்றோர் வைஃபை வேகத்தையும் ஏ.சி.யையும் விசாரிக்கிறார்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை பேருக்கு ஒரு கழிவறை? காலைச் சாப்பாடு எத்தனை மணிக்குத் தயாராகும்?